காய்ச்சல் இல்லாத ஒரு விடுப்பு விண்ணப்பம்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையில் ஆண்டு நாள்காட்டி தயாரிக்கும் அலுவலர்களுக்கும், உள்ளூர் விடுமுறை ஆணையில் கையெழுத்துப் போடும் மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

"எனக்கு நேற்று இரவு முதல் காய்ச்சல் அடிப்பதால் இன்றும் நாளையும் பள்ளிக்கு வர இயலாது. எனவே இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

குமரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் நான். இந்த இரண்டு வரியை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. அனுப்புநர் எங்கே எழுதவேண்டும், பெறுநர் எங்கே, பொருள் எங்கே, 'இப்படிக்கு' எங்கே என்று கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். ஏழாம் வகுப்புக்குள் பிழையில்லாமல் பொய் எழுதப் பழகிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் பையன் வருவான். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக்கயிறு. சட்டைக் காலரில் மஞ்சள் தண்ணீர் பட்ட கறை. கண் இரண்டும் சிவந்து கிடக்கும். "காய்ச்சல் விட்டுச்சா மக்களே?" என்று கேட்பேன். முதல் பெஞ்சு சிரிக்கும். "எங்க குடும்பக் கோவில்ல கொடை சார்" என்பான், தலையைக் குனிந்துகொண்டு. கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோவில் திருவிழா: வில்லுப்பாட்டு, மேளம், நடுச்சாமத்தில் இசக்கியம்மனுக்குப் படைப்பு. சென்னையிலும் சவுதியிலும் இருக்கும் சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் வந்து சேர்கிற இரண்டு நாள், வருடத்துக்கு ஒரே தடவை. அதற்கு ஒரு பிள்ளை போகாமல் இருக்குமா? போகலாம், ஆனால் போனேன் என்று எழுத முடியாது. கோவில் கொடை பள்ளியில் செல்லுபடியாகிற காரணம் இல்லை. காய்ச்சல்தான் செல்லும்.

இந்த மடலைப் பணியில் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஏ) நோட்டீஸ் வந்துவிடுமோ என்ற பயம். இப்போது ஓய்வு பெற்று, பென்ஷன் ஆர்டரும் கைக்கு வந்துவிட்டதால் தைரியம் வந்திருக்கிறது. அந்த மட்டில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்தது ஒன்றுதான். எனக்கு நீங்கள் கொடுத்ததைப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் மற்ற அரசு ஊழியர்களுக்கும் ஆர்.எல். என்று ஒன்று இருக்கிறது. வரையறுக்கப்பட்ட விடுப்பு, மத விடுப்பு என்றும் சொல்வோம். ஆண்டுக்கு 3 நாள். அரசே ஒரு பட்டியல் போடும். சாம்பல் புதன், பெரிய வியாழன், கல்லறைத் திருநாள், ஷபே பராத், வரலட்சுமி விரதம், ஆடிப்பெருக்கு, ஓணம், கார்த்திகை தீபம், அய்யா வைகுண்டர் பிறந்த நாள் என்று எல்லார் வீட்டு நாளும் அதில் இருக்கும். வேண்டிய மூன்றை எடுத்துக்கொள்ளலாம். (எந்த மதத்து நாளுக்கு எந்த மதத்து ஆசிரியர் ஆர்.எல். எடுத்தார் என்று ஆசிரியர் அறையில் நடக்கும் கிண்டலைத் தனியாக எழுதலாம். வரலட்சுமி விரதம் இருந்த அந்தோணி சார்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு.) பள்ளி அன்றைக்கு நடக்கும், நான் மட்டும் வரமாட்டேன். என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எதுவும் விழாது.

நான் வராத அதே நாளில், அதே விழாவுக்குப் போன என் மாணவனுக்கு ஆப்சென்ட். ஒரே கோவில், ஒரே பந்தி. அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு ஆர்.எல்., அவனுக்குக் காய்ச்சல்.

தமிழில் விடுமுறை, விடுப்பு என்று இரண்டு சொல் இருக்கிறது. பேச்சில் இரண்டையும் 'லீவு' என்று ஒன்றாக்கிவிட்டோம். விடுமுறை பள்ளிக்கு, விடுப்பு ஆளுக்கு. மத நாட்களைப் பற்றி நம்முடைய பேச்சு, கோரிக்கை, சண்டை எல்லாமே விடுமுறையைப் பற்றித்தான். விடுப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

விடுமுறையில் குறை வைத்தீர்கள் என்று சொல்லமாட்டேன். 2025க்கு மாநில அரசு வெளியிட்ட பொது விடுமுறைப் பட்டியலில் 24 வரி. அதில் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் அக்டோபர் 2 என்ற ஒரே நாளில் விழுந்தன. மொகரம் ஞாயிற்றுக்கிழமையில் போய்விட்டது. பொங்கல், தைப்பூசம், ரம்ஜான், பக்ரீத், புனித வெள்ளி, மகாவீரர் ஜெயந்தி, தெலுங்கு வருடப்பிறப்பு என்று பட்டியல் பெரிய மனதுடன்தான் இருக்கிறது. தைப்பூசம்கூட 2021இல்தான் சேர்ந்தது. ஆனால் மாநிலத்துக்கெல்லாம் ஒரே பட்டியல் போட்டால் சிவராத்திரி வராது, ஓணம் வராது, பங்குனி உத்திரம் வராது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆட்சியர்கள் உள்ளூர் விடுமுறை விடுகிறீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்ப் பக்கம். அதனால் ஓணம் எங்களுக்கு அயலூர்ப் பண்டிகை இல்லை. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மாசி 20இல் சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் அவதார தினம், அப்புறம் சிவராத்திரி, ஆடி அமாவாசை, டிசம்பர் 3இல் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர். கல்லறைத் திருநாளுக்கும் விடுமுறை விட்ட வருடங்கள் உண்டு. வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வரும் ஆசிரியர்கள் முதல் வருடம் வாயைப் பிளப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்த நாட்களுக்கு மத வேலி கிடையாது. கோட்டாறு திருவிழாக் கடையில் வளையல் வாங்காத இந்துப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. மண்டைக்காட்டுக் கோவில் பிரசாதமான மண்டையப்பம் எங்கள் ஆசிரியர் அறை மேஜைக்கு வந்தால் முதலில் கை வைப்பது சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ டீச்சர்தான். ஆகவே உள்ளூர் விடுமுறையே வேண்டாம் என்று சொல்கிற கட்சி நான் இல்லை. ஊரே ஒரு பக்கம் திரும்பும் நாளில், பஸ் எல்லாம் அந்தப் பக்கம் போகும் நாளில், பள்ளியைத் திறந்துவைத்து என்ன பயன்?

ஆனால் உள்ளூர் விடுமுறை கூட்டத்துக்காக விடப்படுகிறது. ஒரு பிள்ளையின் தேவை அதில் முழுசாக அடங்காது. சிவாலய ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோவில், நூறு கிலோமீட்டருக்கு மேல், "கோவிந்தா, கோபாலா" என்று சொல்லிக்கொண்டு கையில் விசிறியோடு கால்நடையாக ஓடுகிறார்கள். சிவராத்திரிக்கு முந்தின நாளே கிளம்பியாக வேண்டும். நீங்கள் விடும் விடுமுறை சிவராத்திரி அன்றைக்கு ஒரு நாள். முந்தின நாள் ஆப்சென்ட். மறுநாள் பள்ளி உண்டு. பிள்ளை உள்ளங்காலில் கொப்புளத்தோடு நொண்டி நொண்டி வருவான், அல்லது வரமாட்டான். வராவிட்டால் என்ன எழுதுவான் என்று உங்களுக்கே தெரியும்.

தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பா தர்காவில் ஆண்டு விழா அன்று அவருடைய ஞானப்புகழ்ச்சியை ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். தமிழ்ப் பாட்டு. ஒரு தமிழாசிரியன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்கவைக்க வேண்டிய பாட்டு. அதை விடிய விடிய உட்கார்ந்து கேட்ட ஒரு எட்டாம் வகுப்புப் பெண், மறுநாள் என் செய்யுள் வகுப்பில் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கினாள். எழுப்பித் திட்டினேன். எங்கே போயிருந்தாய் என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவ்வளவு வெட்கம் எனக்கு வகுப்பறையில் வேறு எப்போதும் வந்ததில்லை. அந்த ஆண்டு விழா ஹிஜ்ரி மாதக் கணக்கு. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். நாள்காட்டி போடும்போது யாராவது பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு கத்தோலிக்கப் பங்குக்கும் பத்து நாள் திருவிழா. கடைசி நாள் தேர்பவனி. ஊருக்கு ஊர் நாள் மாறும். அதற்கெல்லாம் விடுமுறை விட முடியாது, விடவும் கூடாது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஜூனிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் வந்த பெண் பிள்ளை ஒருத்தி, தன் ஊர்த் தேர்பவனிக்காக ஒரே ஒரு நாள் வரவில்லை. அவள் மட்டும் உண்மையை எழுதினாள்: "எங்கள் ஊர்த் திருவிழா." ஆண்டுவிழாவில் முழு வருகைக்கான பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், அவளுக்கு இல்லை. வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பட்டியல் தயாரித்தவன் நான். விதி அப்படி, என்ன செய்ய? பரிசு வாங்கிய பையனின் பதிவேட்டிலும் ஒரு நாள் இருந்தது, மருத்துவச் சான்றிதழோடு. அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். அவனுக்கு என்ன காய்ச்சல் என்று நான் கேட்கவில்லை.

விடுப்பு என்ற வழி அடைபட்டுக் கிடப்பதால் என்ன ஆகிறது பாருங்கள். எல்லாரும் விடுமுறை கேட்டு ஆட்சியரிடம் மனுவோடு வருகிறார்கள். எங்கள் விழாவுக்கு ஏன் இல்லை, அவர்கள் விழாவுக்கு மட்டும் ஏன் என்று பேச்சு வளர்கிறது. பள்ளியை மூடுவதுதான் அரசு ஒரு விழாவை மதித்ததற்கு அடையாளம் என்று ஆகிவிட்டது. 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவ மதக் கலவரத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை. இங்கே யாருக்கு எத்தனை விடுமுறை என்று மதவாரியாக எண்ணுகிற பழக்கம் நல்லதில்லை. நூறு பிள்ளை போகும் விழாவுக்கு ஆயிரம் பிள்ளைக்குப் பள்ளியை மூடுவதைவிட, அந்த நூறு பேரும் போய் வரட்டும் என்று விடுவது எளிது. யாரோடு யாரும் போட்டி போட வேண்டியதில்லை.

மூடினால் ஈடு செய்யவும் வேண்டும். உள்ளூர் விடுமுறைச் செய்திக்குறிப்பின் கடைசிப் பத்தி எனக்கு மனப்பாடம். இது செலாவணி முறிச் சட்டம், 1881இன்கீழ் வரும் பொது விடுமுறை அல்ல, கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும், இதை ஈடுசெய்ய இன்ன சனிக்கிழமை வேலைநாள். வெள்ளைக்காரன் காலத்துக் காசோலைச் சட்டத்துக்கும் சிவாலய ஓட்டத்துக்கும் என்ன உறவு என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கேட்டான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதை விடுங்கள். அந்த ஈடுசெய் சனிக்கிழமையில் வகுப்பில் பாதிப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். புதுப் பாடம் நடத்தினால் வராத பாதிக்குப் போகாது. நடத்தாவிட்டால் வந்த பாதி நேரத்தை வீணாக்குகிறோம். ஒரு வருடம் என் வகுப்பில் ஏழாம் நாள் சபையைச் சேர்ந்த பையன் ஒருவன் இருந்தான். அவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து வீட்டில் அடுப்பு வேலையைக்கூடக் குறைத்துக்கொள்வார்கள். மற்றவர்களின் எந்த விழாவும் அவனுக்கு விழா இல்லை. ஆனால் ஒவ்வொரு விழாவுக்கும் ஈடாக அவனுடைய ஓய்வுநாள் ஒன்று போனது. சனிக்கிழமைகளில் அவன் வரவில்லை, எழுதியும் தரவில்லை. பொய் எழுதக்கூடாது என்று வீட்டில் சொன்னார்களாம்.

தேர்வு விஷயத்தில் நீங்கள் மனது வைத்தால் முடியும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2024இல் நான்கு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கான ஆண்டுத் தேர்வில் ஏப்ரல் 10, 12 தேதிகளில் இரண்டு தாள் இருந்தது. ரம்ஜான் நடுவில் வந்தது. கோரிக்கை போனதும் அவற்றை ஏப்ரல் 22, 23க்குத் தள்ளினீர்கள். நல்ல காரியம். அடுத்த வருடம் 2025 ஜனவரியில் பொங்கல் நாட்களில் சி.ஏ. தேர்வும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் வைத்தார்கள் என்று தமிழ்நாடே கொதித்தது. டெல்லிக்குக் கடிதம் போனது, அவர்களும் சில தேதிகளை மாற்றினார்கள். நம் பொங்கல் டெல்லியில் நாள்காட்டி போடுகிறவரின் கண்ணுக்குப் படவில்லையே என்று நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! சென்னையில் போடும் நாள்காட்டியில் திருமலையும் தக்கலையும் கண்ணுக்குப் படாதபோது இங்கே உள்ளவர்களுக்கும் அதே கோபம்தான். சத்தம் போட ஆள் குறைவு, அவ்வளவுதான்.

என் பழைய மாணவி ஒருத்தி அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்த மாநிலத்தில் எந்த மத நாட்களுக்கு மாணவர் வராமல் இருக்கலாம் என்று கல்வி வாரியம் நீளமாக ஒரு பட்டியல் வெளியிடுகிறது, தீபாவளி உண்டு. பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால் போதும். அந்த நாளுக்காகப் பிள்ளையின் பரிசு எதுவும் பறிபோகக்கூடாது, தேர்வு இருந்தால் வேறொரு நாள் எழுத வாய்ப்புத் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. "சார், இங்க என் மக தீபாவளிக்குன்னே லெட்டர் எழுதிக் குடுத்தா சார்" என்று போனில் சொன்னாள். இவளும் என்னிடம் காய்ச்சல் கடிதம் கொடுத்தவள்தான்.

இனி உங்கள் பக்கத்துக் கேள்விகள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் வேலைநாள் கேட்கிறது. ஏற்கெனவே இழுபறி, இதில் இன்னும் மூன்றா என்பீர்கள். அந்தக் கணக்கு பள்ளி நடக்கும் நாளுக்கு. விடுப்பில் பள்ளி நடக்கும். ஒரு நாளும் குறையாது. சொல்லப்போனால் சில உள்ளூர் விடுமுறைகளைக் குறைக்கவும் வழி பிறக்கும்.

தவறாகப் பயன்படுத்துவார்களே? பயன்படுத்துவார்கள். சினிமா ரிலீசுக்கு ஒரு நாள் போகும். அதற்கும் இப்போது காய்ச்சல்தானே போகிறது? மூன்று நாள் என்று எல்லை போட்டுவிட்டால் பிள்ளைகளே கணக்குப் பார்த்துச் செலவழிப்பார்கள். ஆர்.எல்.லை டிசம்பர் வரைக்கும் பொத்திப் பொத்தி வைக்கிற எங்களைப் பார்த்தால் தெரியாதா.

பள்ளிக்குள் மதத்தைக் கொண்டுவருகிறாயே என்று என் நண்பர்களே கேட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் கறுப்புச் சட்டைக்காரர்கள். நான் சொன்ன பதில்: என்ன மதம், எந்தச் சாமி என்று கேட்கவே வேண்டாம். எங்களுக்குப் போடுவதுபோல் பட்டியலும் வேண்டாம். பட்டியல் போட்டால் இசக்கியம்மனும் பங்குத் திருவிழாவும் அதில் எங்கே வரப்போகின்றன? 'வீட்டு விசேஷ நாள்' என்று பொதுவாக ஒரு பெயர் வையுங்கள். சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளை செப்டம்பர் 17க்குப் பெரியார் சிலைக்கு மாலை போட அப்பாவோடு போகட்டும். அதுவும் அந்த வீட்டுக்கு விசேஷம்தான்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது, மறைக்கவில்லை. பொதுத் தேர்வு. உள்ளூர் விடுமுறை ஆணையிலேயே 'அரசுப் பொதுத் தேர்வுகளுக்குப் பொருந்தாது' என்று போடுவீர்கள்; மாசித் திருவிழாக்கள் பிளஸ் டூ தேர்வை ஒட்டித்தான் வருகின்றன. மாநிலம் முழுக்க எழுதும் தேர்வை ஒரு ஊருக்காகத் தள்ளமுடியாது என்பது எனக்கும் புரிகிறது. அங்கே விடுப்பு செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தேர்வும் பருவத் தேர்வும் அப்படி இல்லை. அவற்றைப் பள்ளியிலேயே இன்னொரு நாள் எழுதவைக்க ஒரு தலைமையாசிரியருக்கு அதிகாரம் கொடுத்தால் போதும்.

வழி சின்னதுதான். மாணவர் வருகையைப் பதியும் எமிஸ் செயலியில் வந்தவர், வராதவர் என்று தட்டுகிற இடத்தில் இன்னொரு கட்டம். ஆண்டுக்கு 3 தடவைதான் அது திறக்கும். பரிசுக்கும் வருகைச் சதவீதத்துக்கும் அந்த நாள் கணக்கில் வராது. இரண்டு நாள் முன்னதாகப் பெற்றோர் கடிதம் கொடுக்கவேண்டும். அதோடு, ஆட்சியர்கள் உள்ளூர் விடுமுறையையும் அதற்கு ஈடான நாளையும் ஜூனிலேயே அறிவித்துவிடுங்கள். டிசம்பர் 3 எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள நவம்பர் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டுமா? பிறை பார்க்கும் நாட்களுக்கு மட்டும் 'மாறலாம்' என்று ஒரு குறி போட்டால் சரி.

ஆறாம் வகுப்புத் தமிழாசிரியர்களுக்கு நான் ஒரு மாதிரியும் எழுதி வைத்திருக்கிறேன்:

பொருள்: குடும்பக் கோவில் கொடை, இரண்டு நாள் விடுப்பு வேண்டுதல்.

ஐயா, வரும் செவ்வாய், புதன் இரு நாளும் எங்கள் குடும்பக் கோவிலில் கொடை நடைபெறுகிறது. பெரியப்பா வெளிநாட்டிலிருந்து வருகிறார். அந்த இரு நாளும் எனக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புதன்கிழமைக் கணக்குத் தேர்வை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

உங்கள் சுற்றறிக்கை வந்தால் இதைக் கரும்பலகையில் எழுதிப்போடச் சொல்லி என் பழைய பள்ளிக்குக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.